சம்மனை வாங்காமல் நழுவுகிறவர்: அமீனாவா, தபாலா, வாட்ஸ்அப்பா, பேப்பர் விளம்பரமா?

புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டாயிற்று. நம்பரும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே பதில்தான்: "சம்மன் சார்வாகவில்லை." சார்வு என்றால் சம்மன் பிரதிவாதியிடம் முறைப்படி போய்ச் சேர்வது. பிரதிவாதி ஊரைவிட்டுப் போகவில்லை. டீக்கடையில் இருக்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கிறார், சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா வருகிற நாளில் மட்டும் வீட்டில் இருப்பதில்லை. இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இன்னொரு தடவை அமீனாவை அனுப்பலாமா, இல்ல பேப்பர்ல விளம்பரம் குடுத்து முடிச்சிடலாமா?"

நடுவில் இன்னும் சில வழிகள் உண்டு. தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளை மனதில் வைத்து அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். அடிப்படைச் சட்டம் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம், அதில் சம்மன் சார்வைப் பற்றிய கட்டளை 5. செக் வழக்கு, விவாகரத்து, வெளிநாட்டில் இருப்பவர் ஆகியவற்றைப் பிற்பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

வாதி பார்ப்பது வேகத்தை. எது சீக்கிரம் முடியும், எப்போது எக்ஸ்பார்ட்டி (எதிர்த்தரப்பு வராமலே வழக்கு நடப்பது) ஆகும் என்பதே அவர் கவலை. அதில் தப்பில்லை, ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு: தீர்ப்பு வந்த பிறகு பிரதிவாதி திரும்பி வந்து "எனக்குச் சம்மனே வரல" என்று மனுப் போட்டால் எந்தச் சார்வு தாக்குப்பிடிக்கும்?

ஏனென்றால் அவர் வருவார். சம்மனுக்கு வராதவர், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் வீடு ஜப்தி என்றதும் வக்கீலோடு வந்து நிற்பார். கட்டளை 9 விதி 13-ன் கீழ் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பார். அவருக்கு அங்கே இரண்டு வாசல்: சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்பது ஒன்று, வர முடியாததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்பது இன்னொன்று.

அந்த மனுவைப் போட 30 நாள்தான் காலம். ஆனால் எந்த நாளிலிருந்து 30? காலவரையறைச் சட்டம் 1963, அதன் அட்டவணையின் 123-ஆவது கூறு இதற்குப் பதில் சொல்கிறது. சம்மன் முறையாகச் சார்வாகியிருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். சார்வாகவில்லை என்றால், தீர்ப்பு வந்தது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து. அதற்குக் கீழே ஒரு சின்ன விளக்கம் இருக்கிறது: கட்டளை 5 விதி 20-ன் கீழ் நடந்த பதிலிச் சார்வு (நேரில் கொடுப்பதற்குப் பதிலாகக் கோர்ட் உத்தரவிடும் மாற்று வழி), இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகக் கருதப்படாது. பேப்பர் விளம்பரம் அந்த விதி 20-ல்தான் வருகிறது. விளம்பரம் கொடுத்து வாங்கிய தீர்ப்பை அவர் மூன்று வருடம் கழித்து வந்துகூட "போன வாரம்தான் தெரிஞ்சது" என்று தாக்கலாம், காலம் தாண்டவில்லை என்றும் வாதிடலாம். வழக்குப் போட்ட பலருக்கு இது தெரியாது.

வாதிக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. விதி 13-ன் இரண்டாவது வரம்புரை (விதிக்கு வரம்பு கட்டும் பின்வாசகம்), சார்வில் ஏதோ ஒழுங்குக் குறைவு என்பதற்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது என்கிறது. விசாரணைத் தேதி அவருக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று கோர்ட் திருப்தி அடைந்தால் போதும். ஆகவே "அவருக்குத் தெரியும்" என்பதற்கான சாட்சியம் எந்த வழியில் கூடுதலாகச் சேர்கிறது என்பதும் ஒரு அளவுகோல்.

மற்றவை சாதாரணம்: செலவு, காலம், கோர்ட்டின் தனி உத்தரவு வேண்டுமா, பிராது (வழக்கு மனு) நகல் உண்மையிலேயே அவர் கைக்குப் போகிறதா.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. ஆள் ஒளிகிறாரா, அல்லது அந்த முகவரியை விட்டே போய்விட்டாரா? வீட்டில் இருந்துகொண்டே வாங்க மறுப்பவருக்குச் சட்டம் கடுமையாக இருக்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவருக்குப் பழைய கதவில் எத்தனை காகிதம் ஒட்டினாலும் பயன் குறைவு. அவருக்கு முதல் வேலை முகவரி தேடுவது. வாக்காளர் பட்டியல், அவர் பெயரில் உள்ள சொத்தின் வில்லங்கச் சான்று, தொழில் செய்பவர் என்றால் ஜி.எஸ்.டி. தளத்தில் தெரியும் தொழில் முகவரி. இவற்றைத் தேடிய விவரத்தை எழுதி வையுங்கள், பின்னால் மனுவுக்கு உதவும்.

## அமீனா வழி: நேரில் கொடுப்பது, வீட்டாரிடம் கொடுப்பது, கதவில் ஒட்டுவது

பேட்டா (சம்மன் கொண்டுபோகக் கோர்ட்டில் கட்டும் கட்டணம்) கட்டினால் கோர்ட் ஊழியர் சம்மனையும் பிராது நகலையும் எடுத்துப் போவார். அலுவலகப் பெயர் என்னவாக இருந்தாலும் ஊரில் அவர் அமீனாதான். கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அதற்கு மேல் வலுவான சார்வு கிடையாது. ஆனால் நாம் பேசுவது கையெழுத்துப் போடாத ஆளைப் பற்றி.

அவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருகிற மாதிரியும் தெரியவில்லை என்றால், விதி 15-ன்படி அவரோடு சேர்ந்து குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம். ஆணோ பெண்ணோ பரவாயில்லை. வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. பதினைந்து வயது மகனிடம் கொடுத்தாலும் செல்லாது. தனிக்குடித்தனம் இருக்கும் அண்ணனிடம் கொடுப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. "சேர்ந்து குடியிருக்கும்" என்ற சொல்லை அமீனாவின் அறிக்கையில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அப்போதே கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

வாங்க மறுத்தால், அல்லது தேடியும் கிடைக்காமல் வாங்க வேறு ஆளும் இல்லாவிட்டால், விதி 17 வருகிறது. அமீனா சம்மன் நகலை வீட்டின் வெளிக்கதவிலோ கண்ணில் படும் வேறு இடத்திலோ ஒட்டிவிட்டு அறிக்கை தரலாம். இதற்குக் கோர்ட்டின் தனி உத்தரவு தேவையில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கதவில் ஒட்டுவது இரண்டு விதிகளில் வருகிறது. விதி 17-ல் அமீனா தன் கடமையின் பகுதியாக ஒட்டுகிறார். விதி 20-ல் கோர்ட் பதிலிச் சார்வுக்கு உத்தரவிட்ட பிறகு ஒட்டுகிறார். அதே கதவு, அதே காகிதம், அதே பசை. ஆனால் மேலே சொன்ன காலவரையறை விளக்கம் விதி 20-ஐ மட்டுமே குறிப்பிடுகிறது. விதி 17-ன் கீழ் ஒழுங்காக ஒட்டி, கோர்ட் அதை முறையான சார்வு என்று அறிவித்துவிட்டால், 30 நாள் தீர்ப்புத் தேதியிலிருந்தே ஓடும். ஒளிந்து விளையாடுகிற ஆளுக்கு இதைவிட இறுக்கமான கட்டு வேறு இல்லை. பலர் இதைத் தாண்டிக் குதித்து நேராகப் பேப்பருக்குப் போவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

"ஒழுங்காக" என்பதில்தான் சிக்கல். அறிக்கையில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: ஒட்டினேன் என்பது, எந்தச் சூழ்நிலையில் ஒட்டினேன் என்பது, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்ற பெயரும் முகவரியும். ஒரே ஒரு தடவை பகல் பதினோரு மணிக்குப் போய், பூட்டைப் பார்த்து, "ஆள் இல்லை, ஒட்டப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் அது தேடியதாகாது. வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், பக்கத்து வீட்டில் விசாரித்த விவரம் எல்லாம் வேண்டும். அமீனாவுக்கு வேலைப்பளு அதிகம். ஒரே நாளில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியவர். வீட்டை அடையாளம் காட்ட வாதியோ அவர் ஆளோ கூடப் போவது வழக்கம்தான். சாட்சிக்கு உங்கள் மைத்துனரை நிறுத்தாதீர்கள். கிராம உதவியாளர், பக்கத்துக் கடைக்காரர் மாதிரி வழக்கில் சம்பந்தம் இல்லாதவர் நல்லது.

அதோடு முடியவில்லை. விதி 19-ன்படி அமீனாவின் அறிக்கையோடு உறுதிமொழிப் பத்திரம் இல்லையென்றால் கோர்ட் அவரைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்க வேண்டும். பிறகு "முறையாகச் சார்வானது" என்று அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பு இல்லாமல் எக்ஸ்பார்ட்டி ஆக்கிய வழக்கில் பின்னால் ஓட்டை தெரியும். கோர்ட் டைரியில் அந்த வரி விழுந்திருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மறைமுகச் செலவு காலம்தான். பேட்டா பெரிய தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை சம்மன் திரும்பும்போதும் ஒரு வாய்தா போகும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது: சம்மன் சார்வாகாமல் திரும்பிய பிறகு ஏழு நாளுக்குள் புதுச் சம்மனுக்கு நடவடிக்கை எடுக்காவிட்டால், கட்டளை 9 விதி 5-ன் கீழ் அந்தப் பிரதிவாதியைப் பொறுத்தவரை வழக்கு தள்ளுபடியாகலாம். புது வழக்குப் போட உரிமை உண்டு, புரோநோட்டின் மூன்று வருடக் காலவரையறை மீதி இருந்தால்.

யாருக்கு ஏற்றது: ஊரிலேயே இருக்கும், வீடு தெரிந்த, வாங்க மறுக்கும் ஆளுக்கு. பண வழக்கு, பாகப்பிரிவினை, வாடகைதாரரைக் காலி செய்யும் வழக்கு எல்லாவற்றுக்கும் முதல் தேர்வு இதுவே.

## தபால் வழி

கோர்ட் மூலமாகவே ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புவது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு ஸ்பீடு போஸ்ட்டும் கோர்ட் அங்கீகரித்த கூரியரும் இதில் சேர்ந்தன. அந்தத் திருத்தங்களை எதிர்த்துப் போனது சேலம் வக்கீல் சங்கம். உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று சொன்ன வழக்கு இன்றும் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே மேற்கோள் காட்டப்படுகிறது.

தபாலின் பலம் ஒரே சொல்லில் இருக்கிறது: "மறுத்தார்". தபால்காரர் உறையின் மேல் அப்படி எழுதித் திருப்பிவிட்டால், விதி 9-ன்படி கோர்ட் சம்மன் சார்வானதாக அறிவித்தே ஆக வேண்டும். சரியான முகவரிக்கு, கட்டணம் செலுத்தி, ஒப்புகையோடு பதிவுத் தபாலில் அனுப்பியது 30 நாளில் எந்தத் தகவலும் இல்லாமல் போனாலும் அதே அறிவிப்பைத் தரச் சட்டம் சொல்கிறது. ஒப்புகை அட்டை தொலைந்துபோவது புது விஷயம் இல்லை என்பதால் இந்த வரி பெரிய ஆறுதல்.

பலவீனம் மற்ற குறிப்புகளில். "கதவு பூட்டு", "தகவல் கொடுக்கப்பட்டது", "கேட்டு வாங்கவில்லை" என்று வந்தால் நிலைமை கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். பொது வாசகங்கள் சட்டம் 1897-ன் 27-ஆவது பிரிவு, சரியாக அனுப்பிய தபால் போய்ச் சேர்ந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. ஆனால் அனுமானத்தை அவர் உடைக்கலாம்: "அந்த மாசம் நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்று டிஸ்சார்ஜ் தாளோடு வருவார். "விட்டுச் சென்றார்", "அப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பினால் சார்வே இல்லை, முகவரியைத் திருத்த வேண்டும். திரும்பிய உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். மேலே இருக்கும் முத்திரையும் கிறுக்கலும்தான் ஆவணம்.

புதிதாக ஒரு விஷயம். 2025-ல் இந்திய அஞ்சல் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. இப்போது கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று மட்டும் சொன்னால், பெறுநரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற பழைய பதிவுத் தபாலின் குணம் தானாக வராது. பதிவு என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்குக்கு முந்தைய வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்போதும் இதைக் கவனியுங்கள்.

யாருக்கு ஏற்றது: முகவரி உறுதியாகத் தெரிந்த, வெளியூரில் இருக்கும் ஆளுக்கு. அமீனா வழியோடு சேர்த்து ஒரே நேரத்தில் கேட்பதே புத்திசாலித்தனம். "அமீனாவும் போனார், தபாலும் மறுக்கப்பட்டது" என்ற இரட்டைப் பதிவை உடைப்பது அவருக்குக் கஷ்டம்.

## நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பது

விதி 9-ஏ-யின் கீழ் மனுப் போட்டால், கோர்ட் சம்மனை வாதியின் கையிலேயே கொடுத்துச் சார்வு செய்ய அனுமதிக்கலாம். அமீனாவின் பட்டியலில் உங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் இருக்கும் நேரம் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நழுவுகிறவருக்கு இது அவ்வளவு பொருந்தாத வழி. தபால்காரரிடம் மறுத்தால் சார்வானதாக அறிவிப்பு வரும். உங்களிடம் மறுத்தால் வராது. நீங்கள் மறுபடி மனுப் போட்டு, கோர்ட் அமீனா மூலம் மறுசம்மன் அனுப்பும். ஒரு சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வருவீர்கள். வாங்கிக்கொண்டு ஒப்புகையில் கையெழுத்துப் போட மறுத்தாலும் இதே கதி. அதோடு, பணத் தகராறு உள்ள இரண்டு பேர் வாசலில் நேருக்கு நேர் நிற்பது நல்லதில்லை. அவர் "வீடு புகுந்து மிரட்டினார்" என்று போலீசில் புகார் கொடுத்தால் சிவில் வழக்கு ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம் என்று அலைய வேண்டும்.

நழுவாத, ஆனால் தூரத்தில் இருக்கும் பிரதிவாதிக்கு இது நல்ல வழி. நான்காவது பிரதிவாதியான சித்தி மதுரையில் இருக்கிறார், வாங்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை என்றால் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

## வாட்ஸ்அப், மின்னஞ்சல்

எல்லாரும் கேட்கும் வழி. கொரோனா காலத்தில், 2020 ஜூலை 10 அன்று, உச்ச நீதிமன்றம் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்றவற்றிலும் சார்வு செய்யலாம் என்றது. அப்போதும் செயலியில் அனுப்பினால் அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அதற்கு முன்பே, 2018-ல், பாம்பே உயர் நீதிமன்றம் வாட்ஸ்அப்பில் போன நோட்டீசை நீல டிக் விழுந்ததை வைத்து ஏற்றது. அந்தப் பிரதிவாதி பிடிஎஃப்-பைத் திறந்தும் பார்த்திருந்தார்.

இதை வைத்து "டபுள் டிக் வந்துட்டா போதும்" என்று நினைக்க வேண்டாம். நீங்களாக அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி சம்மன் ஆகாது. கோர்ட் அனுமதி வேண்டும். நீல டிக்கை யாரும் அணைத்து வைக்கலாம். அந்த எண் அவருடையதுதான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியமாக்க பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி-க்கு வந்த வாரிசு அது. இன்னொன்று: போலிச் சம்மன், "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடி எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே வருவதால், நேர்மையான ஆளும் திறக்காமல் அழித்துவிட்டேன் என்று சொன்னால் நம்பும்படிதான் இருக்கும்.

போலீஸ் நோட்டீசை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட விஷயம், வேறு கணக்கு.

ஆனாலும் துணை வழியாக வாட்ஸ்அப்புக்கு நல்ல மதிப்பு உண்டு. அமீனா ஒட்டிய அன்றே கோர்ட் அனுமதியோடு அவர் எண்ணுக்கும் அனுப்பி, அவர் "கேஸ்ல பாத்துக்கலாம்" என்று ஒரு பதில் போட்டுவிட்டால், கட்டளை 9 விதி 13-ன் இரண்டாவது வரம்புரைக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ஒளிகிறவர்களில் பாதிப் பேருக்கு வாய் சும்மா இருக்காது.

## பேப்பர் விளம்பரம்

விதி 20. பிரதிவாதி சார்வைத் தவிர்ப்பதற்காகவே ஒதுங்கியிருக்கிறார் என்றோ, வேறு காரணத்தால் சாதாரண வழியில் சார்வு செய்ய முடியாது என்றோ கோர்ட் நம்பக் காரணம் இருந்தால் பதிலிச் சார்வுக்கு உத்தரவிடலாம். கோர்ட்டின் அறிவிப்புப் பலகையிலும் அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டிலும் ஒட்டுவது ஒரு வகை. நாளிதழில் விளம்பரம் செய்வது இன்னொரு வகை. அந்த நாளிதழ், அவர் கடைசியாக உண்மையில் வசித்த அல்லது தொழில் செய்த பகுதியில் புழங்குவதாக இருக்க வேண்டும். திருநெல்வேலியில் இருந்தவருக்குச் சென்னைப் பதிப்பில் போட்டால் பணம் வீண்.

சட்டம் இதை நேரில் கொடுத்ததற்குச் சமம் என்றே சொல்கிறது. வாய்தா ஓட்டமும் நிற்கும். அதனால்தான் இதன் மேல் எல்லாருக்கும் ஆசை.

செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளம்பரக் கட்டணம் தெரிந்த செலவு. பேட்டாவோடு பார்த்தால் பல மடங்கு. பிரதிவாதிகள் அதிகம் என்றால் இன்னும் ஏறும். தெரியாத செலவு பின்னால் வருகிறது. காலவரையறை விளக்கத்தைச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல், விதி 20-க்குப் போகும் முன் சாதாரண வழிகளை உண்மையிலேயே முயன்றதாகக் காட்ட வேண்டும். ஒரு தடவை சம்மன் திரும்பியதும் இயந்திரம் மாதிரி விளம்பரத்துக்கு உத்தரவு வாங்கிய தீர்ப்புகளை மேல் கோர்ட்டுகள் ரத்து செய்திருக்கின்றன. ஆக, விளம்பர மனுவோடு போகும் உறுதிமொழிப் பத்திரத்தில் "பிரதிவாதி வேண்டுமென்றே தவிர்க்கிறார்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தத் தேதியில் அமீனா போனார், யார் என்ன சொன்னார்கள், தபாலில் என்ன குறிப்பு, வேறு முகவரிக்கு எங்கெல்லாம் தேடினீர்கள் என்று வரிசையாக எழுத வேண்டும். மூன்று வருடம் கழித்து உங்கள் தீர்ப்பைக் காக்கப் போவது அந்தப் பத்திரம்தான்.

விளம்பரத்தில் பிராது நகல் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் அதைப் படித்தார் என்பதற்கும் எந்தச் சான்றும் கிடையாது. நாளிதழின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் வரும் அந்தக் கட்டங்களை நீங்கள் கடைசியாக எப்போது படித்தீர்கள்?

யாருக்கு ஏற்றது: உண்மையிலேயே எங்கே போனார் என்று தெரியாதவருக்கு. இறந்தவரின் வாரிசுகளில் ஒருவர் எந்த ஊரில் என்றே தெரியாத பாகப்பிரிவினை வழக்குக்கு. வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கும் ஆளுக்கு இது பரிசு கொடுப்பது மாதிரி.

## ஒரே பார்வையில்

| வழி | தனி உத்தரவு | வாங்க மறுத்தால் | பின்னால் ரத்தாகும் ஆபத்து | பொருந்தும் ஆள் |
|---|---|---|---|---|
| அமீனா, கதவில் ஒட்டுதல் (விதி 17) | வேண்டாம் | ஒட்டலாம், கோர்ட் அறிவிக்க வேண்டும் | அறிக்கை சரியாக இருந்தால் குறைவு | ஊரில் ஒளிகிறவர் |
| தபால் (விதி 9) | வேண்டாம் | சார்வானதாக அறிவிப்பு | "மறுத்தார்" என்றால் குறைவு, "கதவு பூட்டு" என்றால் நடுத்தரம் | வெளியூர், உறுதியான முகவரி |
| வாதியே (விதி 9-ஏ) | வேண்டும் | மறுபடி கோர்ட் வழி | கையெழுத்து இருந்தால் மிகக் குறைவு | நழுவாதவர் |
| வாட்ஸ்அப், மின்னஞ்சல் | வேண்டும் | மறுப்பைக் காட்டுவது கடினம் | தனியாக நின்றால் அதிகம் | துணைச் சாட்சியமாக |
| பேப்பர் விளம்பரம் (விதி 20) | வேண்டும் | பொருந்தாது | அதிகம், காலமும் நீளும் | காணாமல் போனவர் |

பண வழக்கில் என் வரிசை: அமீனாவும் தபாலும் ஒரே சமயத்தில்; திரும்பினால் வேறு நேரம் குறிப்பிட்டு மறுபடி; அப்போது விதி 17-ன் கீழ் ஒட்டச் செய்து அறிவிப்பு வாங்குவது. அதற்குப் பிறகும் முகவரியே பொய் என்று தெரிந்தால்தான் விளம்பரம்.

## ஆளைப் பொறுத்து மாறும் இடங்கள்

அரசு ஊழியர் வீட்டில் ஒளிந்தால் அலுவலகத்தில் ஒளிய முடியாது. விதி 27-ன்படி அலுவலகத் தலைமை வழியாகச் சம்மன் அனுப்பக் கேட்கலாம். உள்ளாட்சி, ரயில்வே ஊழியருக்கும் இது உண்டு. ராணுவத்தில் இருப்பவருக்கு அவருடைய கட்டளை அதிகாரி வழியாக, சிறையில் இருப்பவருக்குச் சிறைப் பொறுப்பாளர் வழியாக. கம்பெனி என்றால் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும், இயக்குநரைத் துரத்த வேண்டாம். அந்த முகவரி கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கிடைக்கும்.

செக் வழக்கில் நேரம் வேறு மாதிரி ஓடுகிறது. செக் திரும்பிய தகவல் பாங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அவர் வாங்கவில்லை என்று காத்திருந்தால் வழக்கே போய்விடும். சரியான முகவரிக்கு அனுப்பினால் போதும். நோட்டீஸ் வரவே இல்லை என்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிக்கொள்ளட்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. சம்மனுக்கும் வராவிட்டால் வாரண்ட் இருக்கிறது. சிவில் வழக்கின் பிரதிவாதிக்கு அந்தப் பயம் கிடையாது.

விவாகரத்தில் நான் விளம்பரத்தை இன்னும் அதிகமாகத் தவிர்க்கச் சொல்வேன். எக்ஸ்பார்ட்டி விவாகரத்து வாங்கி, மறுமணமும் செய்துகொண்ட பிறகு, மறுதரப்பு வந்து "எனக்குத் தெரியாது" என்று தீர்ப்பை உடைத்தால், பணம் திரும்பக் கொடுப்பதோடு தீரும் விஷயமா அது? மனைவி தாய்வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே கணவன் வீட்டு முகவரியைக் கொடுத்து விளம்பரம் வாங்குவது தந்திரம் இல்லை, மோசடி. ஜீவனாம்ச வழக்கு இதற்கு நேர் எதிர். கணவர் வேண்டுமென்றே சம்மனைத் தவிர்க்கிறார் என்று மாஜிஸ்திரேட் திருப்தியடைந்தால் அவர் இல்லாமலே விசாரிக்கலாம். அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்க அவருக்கு மூன்று மாதம்தான்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு, அந்த நாடு ஹேக் சார்வு உடன்படிக்கையில் (கோர்ட் ஆவணங்களை வேறு நாட்டில் சார்வு செய்வதற்கான நாடுகளின் ஒப்பந்தம்) இருந்தால், மத்திய சட்ட அமைச்சகம் வழியாகப் போகும். இந்தியா இதில் 2007 முதல் இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும். இந்திய முகவரியில் அவர் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கே ஒட்டிவிட்டு வந்தால், "நான் அங்கே குடியிருக்கல" என்பது அவருக்குத் தயாரான பதில்.

கடைசியாக, கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கோர்ட்டில் போடும் மனு) பதிவேட்டையும் ஒரு பார்வை பாருங்கள். வழக்கு வரும் என்று பயந்து முன்கூட்டியே 148-ஏ பிரிவின் கீழ் கேவியட் போட்டுவிட்டு, வழக்கு வந்ததும் ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். கேவியட் 90 நாள் உயிரோடிருக்கும். அந்தக் காலம் முடிந்திருந்தாலும், அதில் அவரே எழுதிக் கொடுத்த முகவரியும் அவர் வக்கீலின் பெயரும் இருக்கும். சம்மனை அந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லி, கேவியட் நகலையும் மனுவோடு வைத்துவிடுங்கள்.